முதல் ஊசி தனக்கே: ஹாஃப்கின் என்ற மனிதரின் கதை

2017 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது நினைவிருக்கலாம். அந்த வாரங்களில் ஜும்ஆ முடிந்து நாம் எழுந்து வருவதற்குள் வாசலில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். எல்லார் கையிலும் கைப்பேசி. எல்லாரிடமும் ஒரே வாட்ஸ்அப் குரல்பதிவு. ஊசி போட்டால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, இது நம் சமுதாயத்தைக் குறைக்கச் செய்யும் சதி என்று பெயர் சொல்லாத ஒருவர் அதில் பேசியிருந்தார். ஹஜ்ரத், போடலாமா வேண்டாமா என்று கேட்டார்கள். மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம்.

அந்தப் பதில் தவறில்லை. ஆனால் போதாது. கேட்டவர்களின் அச்சத்தை நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவும் இல்லை. அதன் பிறகு தடுப்பூசியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு மனிதரின் வாழ்க்கை நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவர் முஸ்லிம் அல்ல; இந்தியரும் அல்ல; மருத்துவப் பட்டம் பெற்றவர்கூட அல்ல. ஆனால் நம் நாட்டு மக்களின் உயிரைக் காக்கத் தன் உடம்பை முதலில் கொடுத்தவர். வதந்தியால் மக்கள் அவரைச் சந்தேகித்தார்கள். பிறகு அவரை நியமித்த அரசே தவறான முடிவு ஒன்றைச் சொல்லி அவரைத் தண்டித்தது. அவர் பெயர் வால்டெமர் ஹாஃப்கின்.

ஒடெஸாவிலிருந்து பாரிஸ் வரை

ஹாஃப்கின் 1860 மார்ச் 15 அன்று கருங்கடல் ஓரத்து ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசின் ஊர். இன்று உக்ரைனில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ்.

அந்தக் காலத்தில் ரஷ்யாவில் யூதர்கள் மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. தன் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர் குழுவில் ஹாஃப்கினும் இருந்தார், கைதும் செய்யப்பட்டார். படிப்பு முடிந்த பிறகு பேராசிரியர் பதவிக்கு வழி இருந்தது. ஆனால் அதற்கு விலை மதமாற்றம். ரஷ்யத் திருச்சபையில் சேர்ந்தால் பதவி கிடைக்கும். அவர் மறுத்துவிட்டார். ஒரு சிறுபான்மை மனிதர் தன் மார்க்கத்தை விற்காமல் வறுமையைத் தேர்ந்தெடுத்த இந்த இடம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத் தக்கது.

1888இல் நாட்டை விட்டு ஜெனீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வு நிலையத்தில் வேலை தேடினார். அப்போது அங்கே அவருக்குக் கிடைத்தது நூலகர் வேலைதான். பகலில் புத்தகம் அடுக்கினார். கிடைத்த நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் காலராக் கிருமியோடு உட்கார்ந்தார்.

காலரா அன்று ஊர் ஊராக மனிதர்களை வாரிக்கொண்டு போன நோய். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் மையித்தாகிவிடுவார். ஹாஃப்கின் அந்தக் கிருமியைப் பலவீனப்படுத்தி ஒரு மருந்தும், வீரியப்படுத்தி மற்றொரு மருந்துமாக இரண்டு ஊசிகளை உருவாக்கினார். விலங்குகளில் அது வேலை செய்தது. மனிதனில் செய்யுமா? யாரைக் கேட்பது?

1892 ஜூலை 18 அன்று தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, தணிந்தது. பிறகு நண்பர்கள் சிலர் முன்வந்து போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் பெரிய தீங்கு ஏதும் வரவில்லை. அதன் பின்னரே அதை அறிவியல் சபையில் அறிவித்தார். பிறந்த நாட்டில் அப்போது காலரா பரவியிருந்தும் ரஷ்ய அரசு அவரது மருந்தை ஏற்கவில்லை. பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃப்ரின் பிரபு, முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவர். இந்த மருந்தின் தேவை எங்கே அதிகம் என்பது அவருக்குத் தெரியும். அவர் உதவியால் ஹாஃப்கின் 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து இறங்கினார்.

கல்கத்தா குடிசைகளில்

இங்கே அவரை நம்ப யாரும் தயாராக இல்லை. பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கு அவர் மருத்துவப் பட்டமில்லாத வெளிநாட்டவர். ரஷ்யாவிலிருந்து வந்தவர் என்பதால் உளவாளியாக இருப்பாரோ என்ற சந்தேகமும் இருந்தது. மக்களுக்கோ அவர் ஊசியும் கையுமாக வரும் இன்னொரு வெள்ளைக்காரர். ஆக்ராவிலும் வட இந்தியாவின் பல ஊர்களிலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சுற்றி 40,000க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர்களுக்கு மட்டுமே.

1894 மார்ச்சில் கல்கத்தாவின் சுகாதார அதிகாரி அவரை அழைத்தார். காட்டல் பாகான் என்ற குடிசைப் பகுதியில் ஒரு குளத்தைச் சுற்றிக் காலரா தலைகாட்டியிருந்தது. அங்கே சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு அதே குடிசைகளில் மீண்டும் காலரா வந்தபோது 7 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களும் இறந்தவர்களும் ஊசி போடாதவர்கள் மட்டுமே. ஒரே குளம், ஒரே தண்ணீர், பக்கத்துப் பக்கத்து வீடு. இதைவிடத் தெளிவான சாட்சி எது?

ஆனாலும் அடுத்த குடிசைப் பகுதிக்குப் போனபோது சந்தேகம் அப்படியே இருந்தது. அப்போது ஹாஃப்கின் இரண்டு காரியங்கள் செய்தார். வெள்ளைக்காரர்களை மட்டும் வைத்துக்கொள்ளாமல் சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் ஆகிய இந்திய மருத்துவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மக்கள் பார்த்திருக்கவே தனக்கு ஊசி போட்டுக் காட்டினார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக விடியும் முன்பே வந்து நின்றார்; வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்காக இருட்டிய பிறகும் விளக்கொளியில் உட்கார்ந்திருந்தார். மக்கள் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் வெளிப்பட்டது. எலி வழியாகப் பரவி, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டி, சில நாட்களில் ஆளை முடித்துவிடும் நோய். அக்டோபரில் ஹாஃப்கின் பம்பாய் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். பயிற்சியில்லாத சில உதவியாளர்களோடு இரவு பகலாக உழைத்தார்.

அவர் செய்த மருந்தில் இருந்தது என்ன? இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமியை வளர்த்தார். மேலே சிறிது நெய் மிதக்க விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு கிருமி விழுது விழுதாக இறங்கும். நன்கு வளர்ந்த பின் சூடேற்றி முழுவதும் கொன்றுவிடுவார். கெட்டுப்போகாமலிருக்கச் சிறிது கார்பாலிக் அமிலம் சேர்ப்பார். செத்த கிருமியால் நோய் தர முடியாது. ஆனால் உடம்பு அதைப் பார்த்துப் பழகி, உயிருள்ள கிருமி வரும்போது எதிர்த்து நிற்கும். இவ்வளவுதான். முஸ்லிம்களும் இந்துக்களும் தயங்கக்கூடாது என்பதற்காக மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் விட்டு ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார்.

1897 ஜனவரி 10 அன்று இந்த மருந்தையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்த அளவைவிட மிக அதிகமான அளவு அது. கடும் காய்ச்சலும் வலியும் வந்தன, தாங்கிக்கொண்டார். அதே மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் வந்தது. கைதிகளில் ஒரு பகுதியினர் விரும்பி ஊசி போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே நோய் வந்தது, ஒருவரும் இறக்கவில்லை.

மக்கள் ஏன் பயந்தார்கள்?

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் ஊசியைக் கண்டு ஓடினார்கள்? அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது நியாயமல்ல.

1897இல் பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டு வந்தது. அதன் பேரில் அதிகாரிகளும் படைவீரர்களும் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். பர்தாவில் இருந்த பெண்களையும் சோதித்தார்கள். நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களைக் குடும்பத்திடமிருந்து பிரித்து முகாமுக்கும் மருத்துவமனைக்கும் கொண்டு போனார்கள். அடக்கம் செய்யப்போகும் ஜனாஸாவையும் நிறுத்திப் பரிசோதித்தார்கள். அந்த ஆண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் நிறுத்தப்பட்டது. பூனாவில் கொதிப்பு முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். 1898 மார்ச் 9 அன்று பம்பாய் மதன்புராவில், ஜுலாஹா எனப்படும் முஸ்லிம் நெசவாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைப் பிளேக் நோயாளி என்று கொண்டுபோக வந்தபோது கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடும் நடந்தது.

இப்படி மனம் நொந்திருந்த மக்களிடையேதான் வதந்தி வேர்விட்டது. மருத்துவமனைக்குள் போனவரைக் கொன்று உடலிலிருந்து எண்ணெய் வடிக்கிறார்கள் என்றார்கள். ஊசியில் ஹராமான இறைச்சி இருக்கிறது என்றார்கள். போட்ட உடனே சாவு என்றார்கள். ஒன்றும் உண்மையில்லை. ஆனால் கதவை உடைத்து வருகிறவன் கையில் இருக்கும் மருந்தை எந்தத் தாய் நம்புவாள்? கட்டாயமும் அவமதிப்பும் உழுது வைத்த நிலத்தில்தான் பொய் எளிதாக முளைக்கிறது.

இதை மாற்ற உதவியவர்களில் முக்கியமானவர் இஸ்மாயிலிகளின் தலைவராக இருந்த மூன்றாம் ஆகா கான். கொள்கையில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு நாம் அறிந்ததே. அது இங்கே பேச்சல்ல. இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞர், தன்னைப் பின்பற்றும் கோஜா மக்கள் அஞ்சுவதைக் கண்டு, அவர்கள் பார்த்திருக்கப் பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்துக்குத் தன் மாளிகை ஒன்றையும் கொடுத்தார். ஆயிரக்கணக்கான கோஜாக்கள் முன்வந்தார்கள். சமூகத் தலைவர் ஒருவர் தன் கையை நீட்டியது, அரசின் ஆணை செய்ய முடியாததைச் செய்தது.

1899 ஆகஸ்டில் பம்பாய் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையிலேயே பிளேக் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஓர் அறையும் தாழ்வாரமுமாகத் தொடங்கியவர் அதன் இயக்குநரானார்.

முல்கோவால்: ஒரு புட்டி, 19 உயிர்கள்

1902இல் பஞ்சாபில் பிளேக் கொடூரமாகப் பரவியது. மாகாண அரசு லட்சக்கணக்கில் மருந்து கேட்டது. பரேல் ஆய்வுக்கூடம் இரவு பகலாக உற்பத்தி செய்தது. மருந்தை விரைவாகச் செய்வதற்காக ஹாஃப்கின் ஒரு மாற்றம் செய்தார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, பாரிஸ் பாஸ்டர் நிலைய வழக்கப்படி சூட்டினாலேயே கிருமி நீக்கம் செய்தார்.

அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடம்பு வில்லாக வளைந்தது. டெட்டனஸ் எனும் ரணஜன்னி. 19 பேரும் இறந்தார்கள். நோயிலிருந்து தப்புவோம் என்று நம்பிக் கைநீட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய வீடுகளில் எழுந்த அழுகையை எந்தப் புள்ளிவிவரமும் ஆற்றிவிடாது. தடுப்பூசியை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்த 19 பேரை மறைத்துப் பேசக்கூடாது.

அரசு விசாரணைக்குழு அமைத்தது. 19 பேருக்கும் போடப்பட்ட மருந்து ஒரே புட்டியிலிருந்து வந்தது. அதன் எண் 53என். அது பரேலில் நிரப்பப்பட்டு 41 நாட்கள் ஆகியிருந்தன. ஆய்வுக்கூடத்திலேயே அது கெட்டுவிட்டது, கார்பாலிக் அமிலத்தை விட்டதே காரணம் என்று குழு முடிவு கட்டியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் மன்றாடினார், ஆதாரங்களைக் கேட்டார். ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை.

உண்மை எங்கே இருந்தது? விசாரணை ஆவணங்களுக்குள்ளேயே இருந்தது. அன்று அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அவர் அதை எடுத்து, நெருப்பில் காட்டாமல், கார்பாலிக் திரவத்தில் ஓர் அலசு அலசிவிட்டு அதனாலேயே அடைப்பானை இழுத்தார். டெட்டனஸ் கிருமி வாழும் இடமே மண்தான். லேசாக அலசினால் அது சாகாது. புட்டி 41 நாட்களுக்கு முன்பே கெட்டிருந்தால் திறந்த உடனே துர்நாற்றம் வீசியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. அதே நாளில் மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் நலமாக இருந்தார்கள்.

லண்டனின் லிஸ்டர் ஆய்வு நிலையமும் ஆவணங்களைப் பார்த்து ஹாஃப்கின் பக்கமே நியாயம் என்றது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் அவருக்காகப் போராடினார். 1907 ஜூலையில் ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் இதழுக்குக் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. ஐந்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

அந்த ஐந்து ஆண்டுகளில் இழந்தவர் ஹாஃப்கின் மட்டுமல்ல. மருந்து விஷம் என்று ஏற்கெனவே நம்பியவர்களுக்கு அரசின் தீர்ப்பே சாட்சியாகிவிட்டது. 1907ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பிளேக்கால் சுமார் 13 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஊசியால் பிழைத்திருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

கடைசி நாட்கள்

ஹாஃப்கின் மீண்டும் கல்கத்தா வந்தார். ஆனால் பரேல் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மக்களுக்கு ஊசி போடும் சோதனைகளுக்கும் அனுமதி கிடைக்கவில்லை; ஆய்வோடு நிற்க வேண்டியதாயிற்று. 1914இல் ஓய்வு பெற்றுப் பாரிஸ் சென்றார். மணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தைத் தன் மார்க்க வழிபாட்டிலும் தன் மக்களின் கல்விப் பணியிலும் கழித்தார். சேமித்த செல்வத்தை அந்தக் கல்விக்கே எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இறந்தார்.

பரேல் ஆய்வுக்கூடத்துக்கு 1925இல் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. இன்றும் அந்தப் பெயரோடு மும்பையில் நிற்கிறது. 1897 முதல் 1925 வரை அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் பிளேக் தடுப்பு மருந்துகள் வெளியே சென்றன.

நமக்கு என்ன பாடம்?

இந்த வாழ்க்கையில் பொய்ச்செய்தி இருமுறை ஆளைக் கொன்றது. ஒருமுறை தெருவில் பிறந்தது. மறுமுறை அரசு அலுவலகத்தில் கையொப்பத்தோடு வந்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. செய்தி வந்தால் விசாரியுங்கள்; அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத்தில் நமக்குக் கிடைத்த வழிகாட்டல். அது குடும்பச் சண்டைக்கும் ஊர்ப் பிரச்சினைக்கும் மட்டும் உரியதல்ல. பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

போலியோ சொட்டு மருந்து பற்றியும் இதே மலட்டு வதந்தி வட இந்தியாவில் நம் சமுதாயத்தில் பரவியது. ஆலிம்களும் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோவால் ஒரு குழந்தைகூட முடமாகவில்லை. 2014இல் நம் நாடு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்து குடித்த அந்தத் தலைமுறை இன்று வளர்ந்து, மணமாகி, பிள்ளைகளைப் பெற்று நம் கண்முன் நடமாடுகிறது. வதந்தி பொய் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் ஹஜ்ஜுக்கு இன்று யாரும் போக முடியாது. அந்த ஊசிக்கு நாம் மறுப்புச் சொல்வதில்லை. பிள்ளைக்குப் போடும் ஊசிக்கு மட்டும் குரல்பதிவை நம்புவது என்ன நியாயம்?

பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஊசியில் என்ன இருக்கிறது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, பிள்ளைக்கு வேறு நோய் இருந்தால் போடலாமா என்று மருத்துவரிடமும் செவிலியரிடமும் நேரில் கேளுங்கள். பெயரில்லாத குரலிடம் கேட்காதீர்கள். உறுதியில்லாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

மருத்துவத் துறையினருக்கும் ஒரு வார்த்தை. கேட்பவரைப் படிக்காதவர் என்று ஏளனம் செய்யாதீர்கள். தவறு நடந்தால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். முல்கோவாலின் உண்மை அன்றே வெளியே வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் நம் போன்ற ஆலிம்களுக்கும் பொறுப்பு இன்னும் பெரியது. மக்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லி நாம் நகர்ந்திருக்கக் கூடாது. அந்தச் சகோதரர்களோடு பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் குரல்பதிவை முழுவதும் கேட்டு, ஒரு மருத்துவரையும் வரவழைத்து, கடைசியில் நம் பிள்ளையின் கையை முதலில் நீட்டியிருக்க வேண்டும்.

அடுத்த முறை அப்படிச் செய்ய அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. நம் பிள்ளைகளை நோயிலிருந்தும் பொய்யிலிருந்தும் அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.